ஜிஆர்இ வெர்பல்: முதன்முறை எழுதப் போகிறவர்களுக்கு

ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வை எழுதி அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பது என்று முடிவானதும் பலர் செய்யும் முதல் வேலை, சில ஆயிரம் ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை இறக்கிக்கொண்டு 'ஏ'யிலிருந்து மனப்பாடம் பண்ணத் தொடங்குவதுதான். 'டி'க்கு வருவதற்குள் 'ஏ' மறந்துபோகும். இந்தப் பட்டியல் பழக்கம் பழைய தேர்விலிருந்து வந்தது. 2011 ஆகஸ்டுக்கு முன் ஜிஆர்இயில் எதிர்ச்சொல் கேள்விகளும், 'இதற்கு இது, அதற்கு எது' என்ற வகை ஒப்புமைக் கேள்விகளும் இருந்தன. அவற்றில் சொல் தெரிந்தால் மதிப்பெண், தெரியாவிட்டால் இல்லை. தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் அந்த இரண்டு வகைகளையும் அப்போதே எடுத்துவிட்டது. பட்டியல்கள் மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

இப்போதைய தேர்வில் வெர்பல் எனப்படும் ஆங்கில மொழித்திறன் பகுதியில் எந்தச் சொல்லும் தனியாக வருவதில்லை. எப்போதும் ஒரு வாக்கியத்துக்குள், அல்லது ஒரு பத்திக்குள் வரும். அந்த வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கேள்வி. இலக்கணத்துக்கென்று தனிக் கேள்வி கிடையாது. ஆனால் வாக்கிய அமைப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் மூவாயிரம் சொல் தெரிந்தும் தடுமாறுவார். ஆகவே தயாரிப்பு நேரத்தில் பாதிக்கு மேல் வாக்கியத்துக்கும் வாசிப்புக்கும் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

தேர்வின் அமைப்பு

2023 செப்டம்பர் 22 முதல் தேர்வு சுருக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 1 மணி 58 நிமிடம். நடுவில் இடைவேளை இல்லை. முதலில் 30 நிமிடக் கட்டுரை. அதன்பின் வெர்பல் இரண்டு பிரிவுகள், குவாண்ட் எனப்படும் கணிதம் இரண்டு பிரிவுகள். வெர்பலின் முதல் பிரிவில் 12 கேள்விகள், 18 நிமிடம். இரண்டாவதில் 15 கேள்விகள், 23 நிமிடம். மதிப்பெண் 130 முதல் 170 வரை, ஒவ்வொரு புள்ளியாக ஏறும். பழைய புத்தகங்களில் 20 கேள்வி, 30 நிமிடம் என்று இருந்தால் அது சுருக்கப்படுவதற்கு முந்தைய அமைப்பு. கேள்வி வகைகள் மாறவில்லை, எனவே பயிற்சிக்கு அந்தப் புத்தகங்களும் உதவும். நேரக் கணக்கை மட்டும் அவற்றிலிருந்து எடுக்காதீர்கள்.

மூன்று வகைக் கேள்விகள் வரும். டெக்ஸ்ட் கம்ப்ளீஷன்: ஒன்று முதல் மூன்று வரை கோடிட்ட இடங்கள். ஒரே இடம் என்றால் ஐந்து தெரிவுகள். இரண்டு, மூன்று இடங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று தெரிவுகள். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்: ஒரே கோடிட்ட இடம், ஆறு தெரிவுகள், அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டில் எதைப் போட்டாலும் வாக்கியம் ஒரே பொருள் தர வேண்டும். மீதி ஏறத்தாழ பாதிக் கேள்விகள் ரீடிங் காம்ப்ரிஹென்ஷன், அதாவது பத்தியைப் படித்து விடை சொல்வது.

ஒரு கேள்விக்கான விடை முழுதும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். மூன்று கோடிட்ட இடங்களில் இரண்டைச் சரியாக நிரப்பினாலும் பூஜ்யம்தான். தவறான விடைக்குக் கழிவு கிடையாது, அதனால் எதையும் வெறுமையாக விட்டுவிட்டு வரக் கூடாது.

முதல் பிரிவில் நீங்கள் எப்படிச் செய்தீர்களோ அதைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் அமையும். கேள்விக்குக் கேள்வி மாறுவதில்லை, பிரிவுக்குப் பிரிவுதான் மாறும். எனவே ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், குறியிட்டு வைத்துவிட்டுத் திரும்பி வரலாம், விடையை மாற்றலாம். ஒரு பிரிவில் உள்ள எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே எடை. 'டெர்ஸ்' (சுருக்கமான) என்ற ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியும், நீண்ட பத்தியைப் படித்து மூன்று கூற்றுகளை எடைபோடும் கேள்வியும் மதிப்பில் சமம். நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதை இந்த ஒரு விதியே தீர்மானிக்கிறது.

எப்போது தொடங்குவது

முதலில் உங்களுக்கு ஜிஆர்இ தேவையா என்று பாருங்கள். 2020க்குப் பிறகு பல துறைகள் அதைக் கட்டாயமில்லை என்று அறிவித்தன. சில திரும்பக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. ஒரே பல்கலைக்கழகத்திலேயே ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தை நம்பாமல், நீங்கள் சேர விரும்பும் துறையின் சேர்க்கைப் பக்கத்தைப் படியுங்கள். இன்னொன்று: ஜிஆர்இ வெர்பல் எழுதினால் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ் தேவையில்லை என்று ஆகிவிடாது. அவை ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் தனித் தேர்வுகள்.

இலையுதிர் பருவச் சேர்க்கைக்கான கடைசி நாள்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். அதிகாரபூர்வ மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். திரும்ப எழுத நினைத்தால் இரண்டு தேர்வுகளுக்கு இடையே குறைந்தது 21 நாள் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுத முடியாது. இவற்றைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் முதல்முறை எழுதுவது பாதுகாப்பானது. தயாரிப்புக்கு மூன்று மாதம் வைத்தால் மே மாதமே தொடங்க வேண்டும். நவம்பரில் முதல்முறை எழுதுகிறவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு பெயரளவில்தான் இருக்கும்.

இடிஎஸ் தளத்தில் பவர்பிரெப் என்ற இலவசப் பயிற்சித் தேர்வுகள் இரண்டு கிடைக்கும். உண்மைத் தேர்வுக்கு மிக நெருக்கமானவை இவைதான். முதல் நாளே ஒன்றை எழுதிப் பார்த்து வீணாக்க வேண்டாம். கேள்வி வகைகள் பழகியபின், மூன்றாவது வார முடிவில் ஒன்று. தேர்வுக்குப் பத்து நாள் முன்பு இன்னொன்று. இரண்டையும் ஒரே மூச்சில், கைபேசியை அணைத்துவிட்டு, கட்டுரை உட்பட முழுமையாக எழுதுங்கள். கட்டுரையைத் தாண்டிப் போய் வெர்பலை மட்டும் எழுதிப் பார்த்தால், களைப்போடு எப்படிப் படிப்பீர்கள் என்பது தெரியாமலே போகும்.

சொற்களைக் கற்கும் முறை

ஒரு நாளைக்குப் பத்து முதல் பதினைந்து புதிய சொற்கள் போதும். மூன்று மாதத்தில் எண்ணூறு, தொள்ளாயிரம் சொற்கள் நன்றாகத் தெரிந்தால் பெரும்பாலான கேள்விகளுக்கு அது தாங்கும். 'நன்றாக' என்றால், அந்தச் சொல் புகழ்கிறதா இகழ்கிறதா, ஆளைக் குறிக்குமா கருத்தைக் குறிக்குமா, யாரோடு சேர்ந்து வரும் என்பது வரை.

அகர வரிசையை விட்டுவிட்டுப் பொருள் குடும்பமாகப் படியுங்கள். குறைவாகப் பேசுவது: 'லாகானிக்', 'டெர்ஸ்', 'டாசிடர்ன்'. ஓயாமல் பேசுவது: 'கேருலஸ்', 'லொக்வேஷியஸ்', 'வெர்போஸ்', 'ப்ரோலிக்ஸ்'. புரியாத சங்கதி: 'அப்ஸ்ட்ரூஸ்', 'ஆர்கேன்', 'எசோடெரிக்', 'ரெகண்டைட்'. தெளிவு: 'லூசிட்', 'லிம்பிட்'. கடுமையாகக் கண்டிப்பது: 'கேஸ்டிகேட்', 'எக்ஸ்கோரியேட்', 'அப்ரெய்ட்'. சான்று தந்து வலுப்படுத்துவது: 'கொராபரேட்', 'பட்ரெஸ்', 'போல்ஸ்டர்'. சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் கேள்விக்கு வேண்டியதே இப்படிப்பட்ட ஜோடிகள்தான் என்பதால் குடும்பமாகப் படித்த சொல் இரட்டை வேலை செய்யும். குடும்பத்துக்குள் உள்ள வேறுபாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள்: 'டாசிடர்ன்' ஆளின் சுபாவம், 'டெர்ஸ்' பேச்சுக்கோ எழுத்துக்கோ வரும்.

நிறைய பேர் கோட்டை விடுவது அரிய சொற்களில் அல்ல, தெரிந்ததாக நினைக்கும் சொற்களில். 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது என்று மட்டும் நினைத்திருப்போம். ஜிஆர்இ பத்தியில் அது ஒரு கூற்றுக்கு வரம்பு கட்டுவது. 'டெம்பர்' தணிப்பது. 'செக்', 'அரெஸ்ட்' இரண்டும் தடுத்து நிறுத்துவது. 'ஃப்ளாக்' சோர்ந்து தளர்வது. 'வான்ட்டிங்' போதாமை உள்ளது. 'எக்கானமி' சிக்கனம். 'டிஸ்கிரிமினேட்டிங்' நுட்பமாகப் பிரித்தறியும் ரசனை, அதாவது பாராட்டு. 'பெடஸ்ட்ரியன்' சாரமற்ற, சாதாரணமான. 'கேத்தலிக்' விரிந்த ஆர்வமுள்ள. 'சாங்ஷன்' அனுமதிப்பதும் ஆகும், தண்டனைத் தடையும் ஆகும். எது என்று வாக்கியம்தான் சொல்லும். இவற்றுக்கென்று தனியாக ஒரு நோட்டு போடுங்கள்.

அடுத்த பொறி, உருவம் ஏமாற்றும் சொற்கள். 'எனர்வேட்' எனர்ஜி தருவதுபோல் ஒலிக்கும். பொருள் வலுவிழக்கச் செய்வது. 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பது அல்ல, அமைதியின்றித் துடிப்பது. 'நாய்சம்' சத்தத்தைப் பற்றியது அல்ல, குமட்டும் நாற்றம். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆர்வமற்றவர் அல்ல, பாரபட்சமற்றவர். 'இன்ஜெனுவஸ்' கள்ளமற்ற, 'இன்ஜீனியஸ்' கூர்மதியான. வேர்ச்சொல்லைக் கொண்டு பொருளை ஊகிக்கும் பழக்கம் கடைசி நேரத்தில் கை கொடுக்கலாம், ஆனால் அதையே முறையாக வைத்துக்கொண்டால் இந்த இடங்களிலெல்லாம் விழுவீர்கள்.

அட்டை முறையில் படித்தால், முன்பக்கம் சொல்லை மட்டும் எழுதாமல் அது வரும் முழு வாக்கியத்தை எழுதுங்கள். பின்பக்கம் தமிழில் பொருள், புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதற்கு ஒரு குறி, ஜோடிச் சொல் ஒன்று. ஆங்கிலச் சொல்லுக்கு இன்னொரு கடினமான ஆங்கிலச் சொல்லையே பொருளாக எழுதினால் இரண்டுமே நிற்காது. தமிழில் பொருள் எழுதுவதைக் குறைவாக நினைக்க வேண்டாம், பொருள் உறுதியாகத் தெரிவதுதான் முக்கியம். திரும்பப் பார்ப்பது ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம் என்று விரிந்துகொண்டே போகட்டும். 'ஆங்கி' போன்ற அட்டைச் செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

வாக்கியத்தைப் பிரித்துப் படிப்பது

தமிழில் யோசித்துப் பழகியவர்களுக்கு ஆங்கில நீள்வாக்கியம் ஏன் கடினம் என்பதற்குக் காரணம் உண்டு. தமிழில் அடைமொழிகள் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும், வினை கடைசியில் முடித்துவைக்கும். ஆங்கிலத்தில் எழுவாய் வந்தவுடன் அதைப் பற்றிய விளக்கம் பின்னால் தொங்கத் தொடங்கும். அதற்குரிய வினை இருபது சொல் தள்ளி வரும். அதற்குள் எழுவாய் மறந்துபோகிறது. 'தி க்ளெய்ம்' என்று தொடங்கும் வாக்கியத்தில், அந்த வாதத்தை முன்வைத்தவர்கள் யார், எந்தக் காலத்தில், எதைப் பற்றி என்று மூன்று துணைத் தொடர்கள் கடந்தபின் 'ரெஸ்ட்ஸ் ஆன்' என்று வினை வரும். 'அந்த வாதம் இன்னதன்மேல் நிற்கிறது' என்பதுதான் எலும்புக்கூடு. மற்றதெல்லாம் சதை.

தினம் ஐந்து நீள்வாக்கியங்களை எடுத்து இதைச் செய்யுங்கள்: முதன்மை எழுவாயின் கீழும் முதன்மை வினையின் கீழும் கோடு போடுங்கள். காற்புள்ளிகளுக்கு இடையே உள்ளதை, 'விச்', 'ஹூ', 'தட்' தொடங்கும் தொடர்களை, பென்சிலால் அடைப்புக்குள் போடுங்கள். பின்பு எலும்புக்கூட்டை மட்டும் தமிழில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லையென்றால் வினையைத் தவறாகப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு வாரத்தில் கோடு போடாமலே கண் அதைச் செய்யத் தொடங்கும்.

திருப்பத்தைக் காட்டும் சொற்களில் இன்னொரு சிக்கல். தமிழில் 'மழை பெய்தும்', 'பெய்தாலும்' என்று எதிர்நிலை தொடரின் கடைசியில் தெரியும். ஆங்கிலத்தில் 'ஆல்தோ', 'டெஸ்பைட்', 'வைல்', 'நாட்விட்ஸ்டாண்டிங்' எல்லாம் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வந்துவிடும். வேகமாகப் படிக்கிறவர் அதைக் கடந்து போய்விடுகிறார். பாதி வாக்கியம் எதிர்த்திசையில் போகிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. இதில் 'வைல்' மிகவும் ஏமாற்றும். 'அதே நேரத்தில்' என்று படித்துவிடுவோம், ஜிஆர்இ உரைநடையில் பெரும்பாலும் 'என்றாலும்' என்ற பொருளில்தான் வரும்.

கீழ்க்கண்ட தொடர்களை மட்டும் கேட்ட நொடியில் பொருள் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். 'எனிதிங் பட் சிம்பிள்' என்றால் எளிமையே அல்ல. 'நத்திங் பட்' என்றால் அதைத் தவிர வேறில்லை. 'ஆல் பட்' என்றால் கிட்டத்தட்ட. 'நத்திங் இஃப் நாட் கேர்ஃபுல்' என்றால் மிகமிகக் கவனமானவர். 'ஃபார் ஃப்ரம்' மறுப்பு. 'ஹார்ட்லி', 'ஸ்கேர்ஸ்லி' இரண்டிலும் மறுப்பு ஒளிந்திருக்கிறது. 'லெஸ் ஏ, தேன் பி' என்ற அமைப்பு வந்தால் எழுத்தாளர் வலியுறுத்துவது பின்னால் வருவதை. 'நாட் அன்காமன்' என்றால் அவ்வப்போது காணப்படுவதுதான். ஒரே வாக்கியத்தில் இப்படி இரண்டு மறுப்புகளும் ஓர் 'ஆல்தோ'வும் சேர்ந்தால், விரலைவிட்டு எண்ணித் திசையைக் கண்டுபிடியுங்கள். உணர்வை நம்ப வேண்டாம்.

கோடிட்ட இடங்கள்

தெரிவுகளைப் பார்க்காமல் வாக்கியத்தைப் படியுங்கள். திருப்பச் சொல் எது, கோடிட்ட இடத்தைத் தீர்மானிக்கும் சான்று வாக்கியத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். உங்கள் சொந்தச் சொல் ஒன்றை, தமிழிலேயே ஆனாலும் சரி, அங்கே வையுங்கள். அதன்பிறகுதான் தெரிவுகளைப் பார்க்க வேண்டும். முதலிலேயே தெரிவுகளைப் பார்த்தால், ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து 'இதுவும் பொருந்துகிறதே' என்று மனம் சமாதானம் சொல்லத் தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெருவெள்ளம் பற்றி ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் சொல்லும் கதைகள் மிகைப்படுத்தப்பட்டவை என்றே புவியியலாளர் கருதியிருந்தார். ஆனால் ஆற்றுப் படிவுகளைத் தோண்டியபோது கிடைத்த சான்று அக்கதைகளை ____. தெரிவுகள்: கொராபரேட்டட், எம்பெலிஷ்ட், ரெஃப்யூட்டட், சப்ஸ்டான்ஷியேட்டட், டிஸ்கிரெடிட்டட், கன்சீல்ட். 'ஆனால்' என்பதால் சான்று அவருடைய கருத்துக்கு எதிராகப் போக வேண்டும்; அவர் கதைகளை நம்பவில்லை, எனவே சான்று கதைகளை உறுதிப்படுத்துகிறது. கொராபரேட்டட், சப்ஸ்டான்ஷியேட்டட் விடை. 'ஆனால்' கண்ணில் படாதவருக்கு ரெஃப்யூட்டட், டிஸ்கிரெடிட்டட் என்ற ஜோடி தயாராகக் காத்திருக்கிறது. 'மிகைப்படுத்தல்' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகிறவரை எம்பெலிஷ்ட் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஜோடியே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு தெரிவுகளில் ஜோடி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஜோடி இல்லாத சொல் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அதையும் எடுக்கக் கூடாது.

மூன்று கோடிட்ட இடங்கள் உள்ள பத்தியில் முதல் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்த இடத்துக்குச் சான்று மிகத் தெளிவாக இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள். பலமுறை அது கடைசியாக இருக்கும். எல்லாவற்றையும் நிரப்பியபின் முழுவதையும் ஒருமுறை தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். தனித்தனியாகப் பொருந்திய சொற்கள் சேர்ந்து முரண்படுவது உண்டு.

பத்திகள்

படிக்கத் தரும் பகுதிகள் பெரும்பாலும் ஒரே பாரா அளவுதான். நீளமானது ஒன்றோ இரண்டோ வரும். உயிரியல், புவியியல், கலை வரலாறு, சமூக வரலாறு, இலக்கிய விமர்சனம் என்று எதிலிருந்தும் வரலாம். அந்தத் துறை அறிவு தேவையில்லை. இருந்தால் அதுவே சில சமயம் கெடுக்கும், ஏனென்றால் பத்தியில் இல்லாததை நீங்கள் கொண்டுவந்து சேர்ப்பீர்கள். நம் ஊரில் நாளிதழ்த் தலையங்கம் படித்தால் போதும் என்று சொல்வார்கள். வாசிப்புப் பழக்கத்துக்கு அது நல்லது. ஆனால் ஜிஆர்இ உரைநடை அப்படி இருக்காது. பழைய கருத்து ஒன்று, அதை மறுக்கும் ஆய்வு, அந்த ஆய்வுக்கும் ஒரு வரம்பு என்று அடுக்கடுக்காக வாதம் செய்யும் நடை அது. ஆய்வு நூல்களுக்கு எழுதப்படும் நீண்ட மதிப்புரைகளும், அறிவியல் இதழ்களின் பொதுவாசகர் கட்டுரைகளும்தான் அதற்கு நெருக்கம். தினம் ஒன்று படித்து, ஆசிரியர் எதை ஒத்துக்கொள்கிறார், எதை மறுக்கிறார் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படி ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிமலைத் தீவுகள் மெல்ல மூழ்க, பவளங்கள் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருவதால் வளையப் பவளத்தீவுகள் உருவாகின்றன என்று டார்வின் 1842இல் எழுதினார். தீவு மூழ்கத் தேவையில்லை, கடலடி மேடுகளில் படிவு சேர்ந்து உயர்ந்தபின் அதன்மேல் பவளம் வளர்ந்தாலே போதும் என்று ஜான் மர்ரே வாதிட்டார். 1952இல் எனிவெட்டாக் தீவில் துளையிட்டபோது, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான பவளச் சுண்ணாம்புப் பாறையைத் தாண்டியபின் எரிமலைப் பாறை கிடைத்தது. பாறை கட்டும் பவளங்கள் ஒளி படும் ஆழமற்ற நீரில்தான் வாழும் என்பதால் இது டார்வின் கருத்துக்கு வலு சேர்த்தது.

பத்தியிலிருந்து எதை அனுமானிக்கலாம் என்பது கேள்வி. அ: மர்ரேயின் விளக்கம் எந்தத் தீவுக்கும் பொருந்தாது. ஆ: பவளங்கள் எந்த ஆழத்திலும் வளரக்கூடியவையாக இருந்தால், பாறையின் தடிமனை மட்டும் வைத்து டார்வின் கருத்தை இவ்வளவு உறுதியாக ஆதரிக்க முடியாது. இ: டார்வினிடம் துளையிடும் கருவிகள் இருந்திருந்தால் அவரே இதை நிறுவியிருப்பார்.

பலர் 'அ'வைத் தேர்ந்தெடுப்பார்கள். பத்தி ஒரு தீவைப் பற்றித்தான் பேசியது. 'எந்தத் தீவுக்கும்' என்பது அளவு மீறல். 'இ' நியாயமாகத் தோன்றும், ஆனால் பத்தியில் அதற்கு ஒரு சொல் ஆதாரம் இல்லை. 'ஆ'தான் விடை. கடைசி வாக்கியத்தின் 'என்பதால்' இல்லாமல் வாதம் நிற்காது என்பதைத்தான் அது வேறு சொற்களில் சொல்கிறது. ஜிஆர்இயில் அனுமானம் என்றால் நடந்திருக்கக்கூடியது அல்ல. பத்தி உண்மையானால் இதுவும் உண்மையாகியே தீர வேண்டும் என்ற அளவுக்கு இறுக்கமானது. சரியான விடை பெரும்பாலும் கவர்ச்சி இல்லாமல், அடக்கமாக இருக்கும்.

தவறான தெரிவுகள் சில அச்சுகளில்தான் வார்க்கப்படுகின்றன: அளவு மீறியது, பத்திக்கு வெளியிலிருந்து வந்தது, பாதி சரி பாதி தவறு, திசை தலைகீழானது, பத்தியில் உண்மையாகவே இருந்தும் கேட்ட கேள்விக்குப் பதிலாகாதது. கடைசி வகையில்தான் நன்றாகப் படித்தவர்களும் விழுகிறார்கள். 'இந்த வாக்கியம் எதற்காக வந்திருக்கிறது' என்று கேட்டால், அந்த வாக்கியம் என்ன சொல்கிறது என்ற தெரிவை எடுத்துவிடுவார்கள். பயிற்சியின்போது தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் இவற்றில் எது உங்களை ஏமாற்றியது என்று குறித்துவையுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் பலவீனம் எந்த அச்சு என்று தெரிந்துவிடும். அதற்கு மட்டும் பயிற்சி கொடுக்கலாம்.

மூன்று கூற்றுகள் தந்து 'பொருந்துவன அனைத்தும்' என்று கேட்கும் வகையில், ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாக எடைபோடுங்கள். ஒன்று மட்டும் சரியாகவும் இருக்கலாம், மூன்றும் சரியாகவும் இருக்கலாம். பத்தியிலுள்ள ஒரு வாக்கியத்தைச் சொடுக்கிக் காட்டச் சொல்லும் கேள்வியில், கேட்ட விவரங்கள் எல்லாமே அந்த ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

எழுத்தில் இலக்கணம்

உங்கள் இலக்கணம் நேரடியாக எடைபோடப்படுவது கட்டுரையில்தான். பொதுவான ஒரு கூற்றைத் தந்து, அதை எவ்வளவு தூரம் ஏற்கிறீர்கள் என்று வாதிடச் சொல்வார்கள். 0 முதல் 6 வரை, அரை அரைப் புள்ளியாக மதிப்பெண். ஒரு பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளரும் இ-ரேட்டர் என்ற கணினி நிரலும் பார்ப்பார்கள். தட்டச்சுத் திரையில் எழுத்துப்பிழை திருத்தம் இருக்காது. வரக்கூடிய தலைப்புகள் முழுவதையும் இடிஎஸ் தன் தளத்திலேயே வெளியிட்டிருக்கிறது, அவற்றிலிருந்தே பயிற்சி எடுங்கள். மனப்பாடக் கட்டுரை வேண்டாம். பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் உண்டு.

சிறுபிழைகள் மதிப்பெண்ணைப் பெரிதாகக் குறைக்காது, பொருளைக் குழப்பும் பிழைகள் குறைக்கும். நம்மவர்கள் அடிக்கடி செய்பவை: 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுவது, இரண்டில் ஒன்றுதான் வேண்டும். 'டிஸ்கஸ் அபௌட்', 'கோப் அப் வித்' என்று தேவையற்ற ஒட்டுகள். 'ஒன் ஆஃப் தி' என்று எழுதிவிட்டுப் பெயரை ஒருமையில் விடுவது. இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளியால் மட்டும் இணைப்பது. எழுவாய்க்கும் வினைக்கும் தூரம் கூடும்போது ஒருமை பன்மை பிசகுவது. 30 நிமிடத்தில் ஐந்தைத் திட்டமிடவும், கடைசி நான்கைத் திருத்தவும் ஒதுக்குங்கள். இந்தப் பிழைகளை மட்டும் தேடிப் படித்தாலே கட்டுரை தெளிந்துவிடும்.

நேரம்

சராசரியாகக் கேள்விக்கு 90 விநாடி. ஆனால் சமமாகப் பங்கிடக் கூடாது. ஒற்றைக் கோடிட்ட இடத்துக்கும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸுக்கும் 45 முதல் 60 விநாடி. மூன்று இடங்களுக்கு 90. முதல் பிரிவில் இவை ஆறோ ஏழோ இருக்கும், ஏழு நிமிடத்துக்குள் முடிக்கலாம். மிச்சமுள்ள பதினோரு நிமிடம் பத்திகளுக்கு. சொல் தெரியாத கேள்வியை முறைத்துப் பார்ப்பதால் சொல் தெரிந்துவிடாது. 60 விநாடியில் ஏதாவது ஒன்றைக் குறித்து, திரும்பி வருவதற்கான குறி போட்டுவிட்டு நகருங்கள். பத்திக் கேள்வியில் மட்டும்தான் கூடுதல் நேரம் கொடுத்தால் விடை தேறும். நீண்ட பத்தியைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கலாம், ஆனால் அதற்கென்று நான்கு நிமிடமாவது மீதி இருக்க வேண்டும்.

பதிவும் தேர்வு நாளும்

பதிவு செய்யும்போது பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களில் இது அடிக்கடி சிக்கலாகிறது. கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். பாஸ்போர்ட்டையே பின்பற்றுங்கள், பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் அதையே எழுதுங்கள். பெயர் பொருந்தாவிட்டால் மதிப்பெண் உங்கள் விண்ணப்பத்தோடு சேராமல் தனியாகக் கிடக்கும்.

வீட்டிலிருந்தும் எழுதலாம். கணினி அல்லது மடிக்கணினி வேண்டும், கைபேசியோ டேப்லெட்டோ ஆகாது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, ஹெட்செட் கூடாது. குறிப்பெடுக்கத் தாள் அனுமதி இல்லை. அழிக்கக்கூடிய சிறு வெள்ளைப் பலகை அல்லது பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த தாள்மேல் அழியும் பேனா. கூட்டுக் குடும்பமும் மின்வெட்டும் உள்ள வீடென்றால் தேர்வு மையமே மேல்.

தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை ஏற்பதா, ரத்து செய்வதா என்று எண்களைக் காட்டாமலே திரை கேட்கும். ஏற்றுக்கொள்ளுங்கள். எந்த மதிப்பெண்ணை அனுப்புவது என்று பின்னால் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும்போது ரத்து செய்வதால் லாபமில்லை. ஏற்றவுடன் வெர்பல், குவாண்ட் மதிப்பெண்கள் திரையில் தெரியும். அன்றே நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பலாம், அப்போது கடைசித் தேர்வை அல்லது எல்லாத் தேர்வுகளையும் அனுப்பும் தெரிவுகள் உண்டு. குறிப்பிட்ட ஒரு தேர்வை மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் பிறகு கட்டணம் செலுத்தித்தான் செய்ய வேண்டும். மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும்.

வெர்பலில் உலகச் சராசரி 150ஐ ஒட்டி இருக்கிறது. பொறியியல் துறைகள் பொதுவாகக் குவாண்டுக்கே அதிக எடை தரும். வரலாறு, இலக்கியம், தத்துவத் துறைகளில் வெர்பல்தான் பேசும். திரும்ப எழுதலாமா என்று முடிவெடுக்கும்போது பவர்பிரெப் மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். தேர்வில் அதைவிட நான்கைந்து புள்ளி குறைந்திருந்தால் களைப்போ நேரமோ காரணமாக இருக்கலாம். 21 நாள் கழித்து எழுதினால் மீட்கலாம். பவர்பிரெப்பிலும் அதே மதிப்பெண்தான் வந்திருந்தது என்றால் மூன்று வாரத்தில் பெரிய மாற்றம் வராது. தவறுகளைக் குறித்த நோட்டைத் திறந்து, எந்த வகைக் கேள்வியில் அதிகம் போயிற்று என்று பார்த்து, குறைந்தது இரண்டு மாதம் கொடுத்து அடுத்த தேதியைப் பதிவு செய்யுங்கள்.